மதுரைக்கு ஒரு ஏப்பம்

1

"கேக்கணும் கேக்கணும்னு ரெண்டு வருசமா நெனைச்சுக்கிட்டே இருந்தேன், யக்கா."

"கேட்டிருக்கலாமே அய்யம்மா?"

"கேட்டா நெசமாயிருமில்ல."

இந்தக் கதை இந்த மூன்று வரிகளில் பிறந்தது. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் சோடா கம்பெனி நடத்தும் அய்யம்மாள், போன ஐப்பசியில் ஒருநாள் காலிப் பாட்டில்களை வாங்கிப் போக வந்தாள். நல்ல மழை. மழை விடட்டும் என்று என் அடுக்களை வாசலில் நின்றவள், நான் எதுவும் கேட்காமலே தன் கணவர் சுருளிவேலைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அவர் இறந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவரிடம் என்ன கேட்க நினைத்தாய் என்று நான் கேட்டேன். மழை விட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மழை விடவில்லை.

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். என் தொடர்கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவள் தீபாவளிக்குள் திரும்பி வந்துவிடுவாள். மாமியார் கடைசி அத்தியாயத்தில் சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுப்பாள். என் கதைகளில் யாரும் சாவதில்லை. செத்தாலும் கதை தொடங்குவதற்கு முன்பே செத்து, சுவரில் மாலை போட்ட படமாகத்தான் இருப்பார்கள். ஆகவே, அன்பான வாசகரே, இந்தக் கதையில் சுருளிவேல் சாகப்போகிறார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஏமாந்துவிட்டதாக எனக்குக் கடிதம் எழுதக் கூடாது.

2

முதல் தொடக்கம்: "மல்லிகை மணம் கமழ்ந்த அந்த மாலை வேளையில், அய்யம்மாள் தன் கணவனின் வரவை எதிர்நோக்கி வாசற்படியில்

நிறுத்திவிட்டேன். அவள் எதற்கு எதிர்நோக்க வேண்டும்? சுருளிவேல் எங்கும் போகிறவர் இல்லை. வீடும் கம்பெனியும் ஒன்றுதான். முன்கட்டில் யந்திரம், பின்கட்டில் அடுப்பு. கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் என் பேனா மல்லிகைக்குத்தான் போகும். அது நான் பதினைந்து வருடமாகப் பழக்கிய பேனா.

இரண்டாவது தொடக்கம்: "மனித உடலின் உறுப்புகளில் இதயம்

இதுவும் வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

மூன்றாவது தொடக்கம்: சுருளிவேலுக்கு நாலு விதமாக ஏப்பம் விடத் தெரியும்.

இது நிற்கும் என்று தோன்றுகிறது. இதிலிருந்தே போகிறேன்.

சுருளிவேலுக்கு நாலு விதமாக ஏப்பம் விடத் தெரியும். தொழில் அப்படி. பாட்டில்களில் தண்ணீரை நிரப்பி, யந்திரத்தின் கூண்டில் பொருத்தி, சிலிண்டரைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்றக் காற்று தண்ணீரில் ஏறும். ஏறிய காற்று கோலியைக் கழுத்துக்குத் தள்ளித் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். காற்று போதுமா என்று பார்க்க அவரிடம் கருவி எதுவும் கிடையாது. ஒவ்வொரு தடவை சுற்றி முடித்ததும் ஒரு பாட்டிலை எடுப்பார். கட்டைவிரலால் கோலியை அமுக்கி, ஒரே மூச்சில் பாதி குடித்துவிட்டுக் காத்திருப்பார். ஏப்பம் மூக்கு எரிய வெளியே வந்தால் காற்று சரி. தொண்டையோடு நின்றுவிட்டால் இன்னும் சுற்ற வேண்டும். இருபது வருடம் இப்படிக் குடித்துக் குடித்து, சோடாவே இல்லாமல் நினைத்தபோது ஏப்பம் விடும் வித்தை அவருக்குக் கைவந்துவிட்டது. பாட்டில் வாங்க வரும் பிள்ளைகளைச் சிரிக்கவைக்க ஒன்று விடுவார். மச்சினன் கட்சி, தேர்தல் என்று பெரிய பேச்சாகப் பேசும்போது நடுவில் ஒன்று விடுவார். அத்தோடு மச்சினன் சாப்பிடப் போய்விடுவான்.

அந்தத் தெருவில் யாருக்கு நெஞ்சடைத்தாலும் முதலில் வருவது அவரிடம்தான். "அண்ணே, நெஞ்சக் கரிக்குது, ஒரு இஞ்சிச் சோடா ஒடைங்க" என்று மாரைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஏப்பம் வந்தால் வாய்வு. வராவிட்டால் இன்னொரு சோடா. தன் சோடாவில் குணமாகாத நெஞ்சு வலி இந்தத் திண்டுக்கல்லில் கிடையாது என்பது சுருளிவேலின் பெருமை.*

* குணமாகாதவர்கள் திரும்பி வந்து சொல்லமாட்டார்கள் என்பதை அய்யம்மாள் எப்போதோ கவனித்திருந்தாள். இது அவள் சொன்னது அல்ல. நானாக அவளுக்குக் கொடுத்த நினைப்பு. பொருந்துகிறதா என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

3

இப்போது வலி வர வேண்டும். என்னைப் போன்றவர்களின் கதையில் நெஞ்சு வலி என்றால் ஒருத்தி ஒருவனை நினைத்து ஏங்குகிறாள் என்று பொருள். இந்த வலியை எப்படி எழுதுவதென்று அய்யம்மாளிடமே கேட்டேன். சுருளிவேல் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னாள்.

1960, பங்குனி. பகல் வேளை. யந்திரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த சுருளிவேல் கைப்பிடியை விட்டுவிட்டார். தொட்டியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த அய்யம்மாள், சத்தம் நின்றதைக் கேட்டுத் திரும்பினாள்.

"என்னாங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. நெஞ்சு மேல யாரோ சோடாப் பெட்டிய எறக்கி வச்ச மாதிரி இருக்கு."

யந்திரத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார். ஒரு சோடா உடைத்துக் குடித்தார். ஏப்பம் வந்தது. வலி போய்விட்டது. உட்கார்ந்ததால் போனதா, சோடாவால் போனதா என்று யாரும் யோசிக்கவில்லை. சோடா கம்பெனியில் யார் யோசிப்பார்கள்?

அதன்பிறகு கைப்பிடியைச் சுற்றும்போதெல்லாம் பெட்டி வந்து நெஞ்சில் இறங்கியது. ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தார், குடித்தார், விட்டார், போயிற்று. ஆனால் ஒருநாள் வலி இடது கைக்கும் இறங்கியது. அய்யம்மாள் அவரை டாக்டர் அருள்நாதனிடம் கூட்டிப் போனாள். அவர் மதுரைக்கு அனுப்பி இதயத்துக்குப் படம் எடுத்துவரச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற கொழாய் சுருங்கியிருக்கு. யந்திரத்தத் தொடக் கூடாது. வலி வந்தா ஒடனே உக்காந்து இந்த மாத்திரைய நாக்குக்கு அடியில வைங்க. முழுங்கக் கூடாது. செத்த நேரத்துல விட்ரும். விடலைன்னா இன்னொண்ணு. அதுக்கும் விடலைன்னாலோ, வேர்த்துக் கொட்டுனாலோ, கையில தாடையில இழுத்தாலோ, யோசிக்கவே கூடாது. கெளம்பி வந்துரணும்."

"ஏப்பம் வந்துட்டா?" என்றாள் அய்யம்மாள்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏப்பம் வந்தாலும் வரணும்மா."

"வந்த பெறகு வெறும் வாய்வுன்னு ஆயிருச்சுன்னா?"

"நல்லதாப் போச்சுன்னு வீட்டுக்கு அனுப்பி வைப்பேன். பத்துத் தடவ சும்மா வாங்க. தப்பில்ல. பதினோராவது தடவைக்காகத்தான் அந்தப் பத்தும்."

திரும்பி வரும்போது சுருளிவேல் தெருமுனையில் நின்று மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "டாக்டரு நெறையாப் படிச்சவருதான்" என்றார். "ஆனா சோடாவப் பத்திப் படிச்சிருக்க மாட்டாரு."

4

டாக்டர் அருள்நாதனை எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கக் கூடாது. முதல் கையெழுத்துப் படியில் அவரை அவசரக்காரராக எழுதியிருந்தேன். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல், சீட்டில் கிறுக்கிக்கொண்டே, "அடுத்த ஆளை வரச்சொல்லு" என்று கத்துகிறவராக. கதை சுலபமாக ஓடியது. கோபப்பட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் வாசகருக்கு நிம்மதி. எழுதுகிறவளுக்கு அதைவிட நிம்மதி. அய்யம்மாளிடம் அந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டினேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"பாவம் யக்கா, அந்த மனுசன். ரெண்டு வாட்டி சொன்னாரு. எனக்கு நல்லா வெளங்குச்சு."

அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். இந்தக் கதையின் கஷ்டம் முழுவதும் இந்த 'வெளங்குச்சு'வில் இருக்கிறது. தெரியாமல் நடந்த சாவு என்றால் நான் ஒரே வாரத்தில் எழுதித் தபாலில் சேர்த்திருப்பேன். கடைசியில் ஒரு பத்தி புத்திமதியும் வைத்திருப்பேன். இவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போது போக வேண்டும், எதற்குப் போக வேண்டும், எல்லாம் தெரிந்திருந்தது. ஒருமுறை போகவும் போனாள்.

5

அந்த ஒருமுறையைச் சொல்கிறேன்.

அதே வருடம் ஆவணியில் சித்தையன்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டு மறுநாள் விருந்து. கறிச்சோறு. சுருளிவேல் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டார். பஸ்ஸில் திரும்பி வந்து வீட்டில் காலை வைத்ததும் வலி. நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை, பிறகு இன்னொன்று. விடவில்லை. டாக்டர் அருள்நாதன் ஊரில் இல்லை. அய்யம்மாள் யோசிக்கவில்லை. ஸ்டேஷன் ஸ்டாண்டிலிருந்து மீரானின் டாக்ஸியைக் கூட்டிவரச் செய்து, அவரைப் பின்சீட்டில் சாய்த்துக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டுவிட்டாள்.

சின்னாளபட்டி தாண்டுவதற்குள் காருக்குள் ஓர் ஏப்பம் வந்தது. மீரான் டயர் வெடித்துவிட்டதென்று நினைத்து வண்டியை ஓரம் கட்டினான். இறங்கி நாலு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தான். அவன் திரும்பி வந்தபோது சுருளிவேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"போயிருச்சு புள்ள" என்றார். "நல்லாப் போயிருச்சு."

"எதுக்கும் மதுரைக்குப் போய்க் காட்டிட்டு வந்துருவோம்."

"எதைக் காட்ட? ஏப்பத்தையா?"

ரோட்டோரக் கடையில் மூவரும் டீ குடித்தார்கள். காரைத் திருப்பிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

மீரான் கெட்டவன் இல்லை. இப்படி ஒரு கதை கையில் கிடைத்து அதை ஸ்டாண்டில் சொல்லாமல் இருக்க எந்த டாக்ஸிக்காரனாலும் முடியாது. மறுநாளிலிருந்து சோடா வாங்க வருகிறவர்களெல்லாம் கேட்கத் தொடங்கினார்கள்: "அண்ணே, இந்தச் சோடா உள்ளூர் ஏப்பத்துக்கா, மதுர ஏப்பத்துக்கா?" மீரான் கம்பெனி வழியாகப் போனால் காரை மெதுவாக்கி, தலையை நீட்டி, "என்னண்ணே, மதுரைக்கு ஒரு ஏப்பம் விட்டுட்டு வருவமா?" என்பான். சுருளிவேலும் சிரிப்பார். மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பார்.

அய்யம்மாளின் நாத்தனார் பேச்சாயி மட்டும் சிரிக்காமல் சொன்னாள். "ஒரு ஏப்பத்துக்கு எங்கண்ணன மதுர வரைக்கும் இழுத்துட்டுப் போனவளாச்சே. இன்னும் ரெண்டு ஏப்பம் வந்தா மெட்ராஸுக்குக் கொண்டு போயிருவா." சின்னாளபட்டி வரைதான் என்று அய்யம்மாள் திருத்தவில்லை.

[அச்சுக்குப் போகும் முன் இந்தப் பத்தியை அடிக்க வேண்டும். கதைக்காக டாக்டர் அருள்நாதனைப் பார்க்கப் போயிருந்தேன். இதய வலியிலும் ஏப்பம் வரும், வந்த பிறகு கொஞ்சம் இறங்கினது போலவும் இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார். சித்தையன்கோட்டை விருந்தன்று வந்தது வாய்வுதானா என்று கேட்டேன். மேசையைப் பார்த்துக்கொண்டே, "அவங்க அன்னைக்குத் திரும்பியிருக்கக் கூடாதும்மா" என்றார். அய்யம்மாளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். மறக்காமல் அடிக்க வேண்டும்.]

6

அதன்பிறகு சுருளிவேல் ஒருநாளும் வலி என்று வாயால் சொல்லவில்லை.

வலி வராமல் இல்லை. யந்திரத்தைச் சுற்றப் பொம்மையன் என்று ஓர் ஆளை வைத்திருந்தார்கள். அதனால் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு பெட்டியைத் தூக்கினால் வந்தது. மாடிப்படி ஏறினால் வந்தது. கடைசியில் குளித்துவிட்டுத் துண்டால் முதுகைத் துடைத்தாலே வந்தது. அவர் கை நெஞ்சுக்குப் போகும்போது அய்யம்மாள், "வலிக்குதா?" என்பாள். பதிலுக்கு ஓர் ஏப்பம் வரும். ஏப்பம் வந்தால் வாய்வு. பேச்சு முடிந்தது.

அவை பொய் ஏப்பங்கள் என்று அய்யம்மாளுக்கு எப்படித் தெரிந்தது? இதை நான் கற்பனை செய்யவில்லை. என்னால் செய்திருக்கவும் முடியாது.

"மெய்யா ஏப்பம் வந்தா அவுக எங்கயாச்சும் பாப்பாக, யக்கா. கூரையப் பாப்பாக, தெருவப் பாப்பாக. பொய்யா விட்டா என் மூஞ்சியத்தான் பாப்பாக. நான் நம்பிட்டனான்னு."

"நீ என்ன செய்வ?"

"நம்புன மாதிரி ஒரு மூஞ்சிய வச்சுக்குவேன்."

அவர் பார்ப்பதற்கென்று அவள் ஒரு முகம் வைத்திருந்தாள். அவள் கேட்பதற்கென்று அவர் ஓர் ஏப்பம் வைத்திருந்தார். குஜிலியம்பாறையில் வாக்கப்பட்டிருந்த ஒரே மகள் பொங்கலுக்கு வந்துபோகும்போதுகூட, இரண்டு பேரும் இதைப் பிசகில்லாமல் செய்தார்கள். என் தொடர்கதையாக இருந்தால் இதற்கு அன்பு என்று பேர் வைத்து, அத்தியாயத் தலைப்பாகவும் போட்டிருப்பேன். இப்போதும் எனக்கு வேறு பேர் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அவள் கேட்க முயற்சி செய்யாமல் இல்லை. சோறு போடும்போது, "இந்தா பாருங்க" என்று தொடங்குவாள்.

"என்ன புள்ள?"

"நாளைக்கு என்ன வெஞ்சனம் வைக்கட்டும்?"

பாட்டில் அடுக்கும்போது தொடங்குவாள். "இந்தா பாருங்க, நான் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, கோலி உடைந்த பாட்டிலைத் தேடுகிறவள்போலக் குனிந்துகொள்வாள். வெள்ளிக்கிழமை அபிராமியம்மன் கோயிலில் அவர் வெளியே செருப்புக்குக் காவலாக நிற்க, உள்ளே அம்மனிடம் முழு வாக்கியத்தையும் சொல்லிவிடுவாள். வெளியே வந்ததும் பாதி மறந்துபோகும்.

எழுதி அடித்த வரிகள் என்னிடம்தான் நிறைய இருப்பதாக நினைத்திருந்தேன்.

கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நாமாவது யோசித்துப் பார்ப்போம். கேட்டால், இத்தனை நாளும் அவர் பொய் சொன்னது அவளுக்குத் தெரியும் என்றாகிவிடும். தெரிந்துமா பேசாமல் இருந்தாய் என்று அவர் கேட்கமாட்டார். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு ஒவ்வொரு வலியின்போதும் போவதா இருப்பதா என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். தவறாக முடிவு செய்தால் ஊர் சிரிக்கும். சரியாக முடிவு செய்தால் அவர் சாகக் கிடக்கிறார் என்று பொருள். ஏப்பம் இருக்கும் வரை இந்த இரண்டும் இல்லை. ஏப்பம் இருக்கும் வரை அவள் தூங்கலாம்.

7

1962, தை. இந்தப் பகுதியை நான் எழுத விரும்பவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். உவமை எதுவும் வராது.

பூசத்துக்கு இன்னும் சில நாள் இருந்தது. பழனிக்கு நடக்கிறவர்கள் காவடியும் பாட்டுமாக ஊரைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். எத்தனை சோடா போட்டாலும் போதவில்லை. பொம்மையனும் மாலை போட்டுக்கொண்டு பழனிக்குப் போய்விட்டான். முருகனிடம் போகிறவனை யார் தடுப்பது? காலையில் அய்யம்மாள் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் சுருளிவேல் தாமே கைப்பிடியைப் பிடித்துச் சுற்றியிருக்கிறார். அவள் திரும்பி வந்தபோது ஒரு கூண்டு பாட்டில் தயாராக இருந்தது. அவர் பெட்டியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு சுத்துனா?"

"முருகன் வந்து சுத்திட்டுப் போனான்."

மீரானின் கார் வாசலில் நின்றது. சவாரி இல்லாத நேரத்தில் சோடா குடிக்க வந்திருந்தான். பானெட்டில் சாய்ந்துகொண்டு குடித்துக்கொண்டிருந்தான்.

தை மாதக் காலை. தண்ணீரில் கைவைத்தால் விரல் விறைக்கும். சுருளிவேலின் நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேர்த்துக் கொட்டினால் யோசிக்கக் கூடாது என்ற டாக்டரின் குரல் அவளுக்கு அப்படியே கேட்டது. அவருடைய நாக்கு வாய்க்குள் எதையோ அடக்கிவைத்துக்கொண்டு அசைந்தது. மாத்திரையாக இருக்கும். எத்தனையாவது மாத்திரை என்று அவளுக்குத் தெரியாது. அவர் ஒரு இஞ்சிச் சோடாவை எடுத்துக் கோலியை அமுக்கினார். முதல் அமுக்கில் இறங்கவில்லை. இரண்டாவதில் இறங்கியது. பாதி குடித்தார். ஏப்பம் விட்டார்.

அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே, உள்ளூரா, மதுரையா?" என்றான் மீரான் வாசலிலிருந்து.

"உள்ளூருதாம்ப்பா" என்றார் சுருளிவேல், அவளைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அய்யம்மாள் அவர் பார்ப்பதற்கான அந்த முகத்தை வைத்துக்கொண்டாள். "வந்துருச்சுல்ல?" என்றாள். "வந்துருச்சு புள்ள" என்றார். மீரான் காரைக் கிளப்பிக்கொண்டு போனான். அவள் தொட்டிப் பக்கம் குனிந்து பாட்டில்களைக் கழுவத் தொடங்கினாள். அத்தனையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது, அவர் யந்திரத்தின்மேல் சாய்ந்திருந்தார். மிச்சச் சோடா கையிலேயே இருந்தது. சிந்தவில்லை.

மீரான் இப்போது சோடா குடிப்பதில்லை. ஸ்டாண்டில் யாராவது மதுரைக்குச் சவாரி கேட்டால், பின்னால் நிற்கும் காரைக் காட்டிவிடுகிறானாம்.

8

முடிவுகள். பத்திரிகைக்கு அனுப்ப எனக்கு ஒன்று போதும். நாலு எழுதினேன்.

முதல் முடிவில் அய்யம்மாள் பேசிவிடுகிறாள். மீரான் காரைப் பறக்கவிடுகிறான். மதுரை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்கவைக்கிறார்கள். அடுத்த தையில் பேத்திக்குக் காது குத்துகிறார்கள். இதை எழுதும்போது என் பேனா தானாக ஓடியது, அந்தப் பழைய மல்லிகைப் பேனா. அய்யம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"நல்லாருக்கு யக்கா" என்றாள். "ஆனா இது வேற யார் வீட்டு ஆளோ."

இரண்டாவது முடிவில் அவள் பேசுகிறாள். அவர் சிரிக்கிறார். "போ புள்ள, ஊரு சிரிக்கும்" என்று சொல்லி இன்னொரு ஏப்பம் விடுகிறார். மற்றதெல்லாம் முன்போலவே. மூன்றாவதில் அவள் பேசுகிறாள், அவர் கேட்கிறார், கார் கிளம்புகிறது, அம்பாத்துரை தாண்டும்போது அவர் தலை அவள் தோளில் சாய்கிறது. நாலாவதில் அவள் பேசவில்லை. ஆனால் மீரான் அந்த வேர்வையைப் பார்த்துவிடுகி

வேண்டாம். மீரான் பார்க்கவில்லை. அவன் தலையில் இதையும் ஏற்றி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். கேட்காததால்தான் செத்தாரா என்றேன். அதையும் சொல்ல முடியாது என்றார். எந்த முடிவை எடுத்தாலும் மறு முடிவு பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறது. அய்யம்மாள் இந்த நாலோடும் நாலு வருடமாகக் குடும்பம் நடத்துகிறாள். நாலு வருடமும் தினம் பாட்டில் கழுவுகிறாள். நான் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து புதிதாக எதைக் கண்டுபிடித்துவிடப் போகிறேன்?

வாசகரே, உங்களுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எதுவும் வேண்டாம். எனக்குக் குறைவது முடிவு இல்லை, ஒரு வாக்கியம். மழையன்று என் அடுக்களை வாசலில் அவள் சொல்லாமல் கொண்டுபோனது. நானாக எழுதிப் பார்த்தேன். "அன்பரே, என்னிடம் மறைக்காதீர்கள்" என்று வந்தது. என் கதாநாயகிகள் அப்படித்தான் பேசுவார்கள்.

9

நேற்று இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு சோடா கம்பெனிக்குப் போனேன்.

பொம்மையன் சுற்றிக்கொண்டிருந்தான். அய்யம்மாள் தொட்டியடியில் இருந்தாள். யந்திரத்துக்குப் பக்கத்தில் அந்த மரப்பெட்டி கவிழ்ந்தபடியே இருக்கிறது. இடம் போதாமல் பாட்டில்களைத் தரையில் பரப்பிவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெட்டிமேல் எதையும் வைப்பதில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏழாவது பகுதியை வாசித்தேன். பால் வாங்கப் போனது, முருகன் வந்து சுற்றியது, வேர்வை, இஞ்சிச் சோடா, ஏப்பம். பொம்மையன் கைப்பிடியை விட்டுவிட்டான்.

"'அவள் முகத்தைப் பார்த்தார்'" என்று வாசித்து நிறுத்தினேன். "இதுக்குமேல எனக்கு வரலை அய்யம்மா."

"அதான் எழுதியிருக்கீகல்ல. 'வந்துருச்சுல்ல'ன்னு கேட்டேன்னு."

"அது நீ சொன்னது. சொல்ல நெனைச்சது எது?"

அவள் கையிலிருந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அழுக்கு எதுவும் இல்லை. மறுபடியும் தண்ணீரில் முக்கிக் கழுவினாள். கவிழ்த்துவைத்தாள். எழுந்து, முந்தானையில் ஒவ்வொரு விரலாகக் கையைத் துடைத்தாள். நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன். அது எனக்கே அசிங்கமாக இருந்தது. மறுபடியும் மூடிவிட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. பொம்மையனையும் பார்க்கவில்லை. பெட்டிக்கு நேராகப் போய் நின்றாள். அதில் உட்கார்ந்திருப்பவரின் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் அந்த முகம் இல்லை.

"இந்தா பாருங்க" என்றாள். "எனக்காக ஏப்பம் விடாதீங்க. வலிச்சா, வலிக்குதுன்னு எங்கிட்டச் சொல்லுங்க. ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும். நான் கூட்டிட்டுப் போறேன்."